டாலிகஞ்சில் இறங்கிய கோடு

மார்ச் பதினான்காம் தேதி காலை ஐந்து ஐம்பதுக்கு, போர்ட் பிளேரின் டாலிகஞ்சுக்கு மேலே வானத்தில் விழுந்த வெள்ளைக் கோடு இன்றுவரை கலையவில்லை. விண்வெளியில் பதினெட்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த கலம் எரிந்துபோன தடம் அது. கலத்தில் மூன்று பேர் இருந்தார்கள். தீவுகளுக்குக் கிழக்கே கடலில் பாராசூட்டில் இறங்குவதாக ஏற்பாடு. அங்கே இரண்டு கப்பல்கள் காத்திருந்தன. போர்ட் பிளேரில் அன்று காலை யாரும் வீட்டுக்குள் இல்லை. மொட்டை மாடிகளிலும் தண்ணீர்த் தொட்டிகள் மேலும் ஏறி நின்றார்கள். பள்ளிப் பிள்ளைகள் சீருடை போட்டுக் கையில் கொடியோடு மைதானத்தில் நின்றார்கள். மேற்கிலிருந்து ஒரு நெருப்புப் பொறி வந்தது. அது மூன்றாகப் பிரிந்தது, பிறகு ஏழாக, பிறகு எண்ண முடியாதபடி. பிரிவதும் ஏற்பாட்டில் ஒரு பகுதி என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்து வெகுநேரம் கழித்துத்தான் டிவியில் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தினார். அந்தக் கைதட்டலுக்காக ஊரே பல மாதம் வெட்கப்பட்டது. அதற்குப் பிறகு இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிடவே கூசிய ஒரு பள்ளி ஆசிரியையைப் பற்றி ஷாதிபூரில் இன்றும் சொல்வார்கள்.

முதல் இரண்டு நாள் கோடு உயரத்திலேயே இருந்தது. காற்றடித்தது, மேகம் வந்து போனது, அது அசையவில்லை. மூன்றாம் நாள் அதன் ஒரு முனை தொய்ந்து இறங்க ஆரம்பித்தது. ஐந்தாம் நாள் காலை அது ராஜகுமாரி வீட்டுக் கொல்லையில், முருங்கை மரத்துக்கும் துணி உலர்த்தும் கொடிக்கும் நடுவே, கைக்கு எட்டும் உயரத்தில் வந்து நின்றது. ராஜகுமாரிக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. அவளுடைய அப்பா அம்மா சிலோன் தேயிலை மலையிலிருந்து கப்பலில் வந்தவர்கள். கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டும் வேலை கொடுத்துக் குடியேற்றினார்கள். அவள் அங்கேதான் பிறந்தாள். சுனாமிக்குப் பிறகு கணவனோடு போர்ட் பிளேருக்கு வந்து, டாலிகஞ்சில் வீட்டு முன்கட்டில் இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தாள். கணவர் பொன்னுத்துரைக்குக் குடிநீர் வால்வு திறக்கிற வேலை. டாலிகஞ்சுக்கு மூன்று நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விடுவார்கள். அதைத் திறப்பதும் மூடுவதும் அவர்தான். எந்த வீட்டில் எத்தனை டிரம் இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். அவர் கோட்டின் முனையை ஒரு குழாயைப் பார்ப்பதுபோலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கைத் தடிமன் இருந்தது. சோற்றுப் பானையிலிருந்து வரும் ஆவி அப்படியே உறைந்து நின்றால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

“லீக்கா?” என்று ராஜகுமாரி கேட்டாள்.

“லீக்குன்னா நனையணும். நனையலியே.”

“சுடுதா?”

“இல்ல. ஃபிரிட்ஜுல வச்ச பஞ்சு மாதிரி ஜில்லுனு இருக்கு.”

“அப்ப இருந்துட்டுப் போகட்டும். முருங்கைய ஒடிக்காம இருந்தாச் சரி.”

ஊர் அப்படி விட்டுவிடவில்லை. செத்துப்போன மூன்று பேரின் வீடுகளும் மெயின்லேண்டில் இருந்தன. துக்கம் கேட்கப் போக வேண்டுமானால் கப்பலேற வேண்டும். ஆனால் துக்கம் நடந்தது இவர்கள் தலைக்கு மேலே. எங்கே போய்க் கேட்பது என்று தெரியாமல் நான்கு நாளாகத் தவித்துக்கொண்டிருந்த ஜனங்களுக்கு ஒரு கொல்லை கிடைத்தது. முதல் நாள் அக்கம்பக்கத்தார் வந்தார்கள், மறுநாள் டாலிகஞ்ச் முழுவதும், அதற்கடுத்த நாள் வரிசை மெயின் ரோட்டைத் தாண்டியது. ஜங்லிகாட்டிலிருந்து தெலுங்கு மீனவர்கள் கற்பூரத்தோடு வந்தார்கள். வங்காளிகள் தூபம் கொண்டுவந்தார்கள். நிக்கோபாரிகள் நாற்பது பேர் ஒரு பஸ்ஸில் வந்து நான்கு குரலில் தேவகீதம் பாடிவிட்டு, கொண்டுவந்த இளநீரை மரத்தடியில் வைத்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் கோட்டைத் தொட்டார்கள், தொட்டதும் அழுதார்கள். விண்கலத்தில் இருந்தவர்களுக்காகத்தான் முதலில் அழுதார்கள். சற்று நேரத்தில் ஒவ்வொருவரும் தன் வீட்டு ஆளுக்காக அழுதார்கள். அழுத கண்ணீரில் கொல்லைக் கிணறு உப்பாகிவிட்டது. நாற்பத்தோரு நாள் ராஜகுமாரி மாவில் உப்புப் போடவில்லை. இட்லி சரியாகத்தான் இருந்தது.

அதிகாரிகளும் வந்தார்கள். வானிலைக்காரர்கள் அளந்துகொண்டு போனார்கள். விமானம் இறங்கும் வழியில் இடைஞ்சல் என்று ஒரு ஹெலிகாப்டரை விட்டு விசிறிக் காற்றில் கலைத்துப் பார்த்தார்கள். கோடு இரண்டாகப் பிரிந்து வழிவிட்டு, ஹெலிகாப்டர் போனதும் மறுபடி ஒட்டிக்கொண்டது. கொடியில் உலர்ந்த போர்வைதான் பறந்து பக்கத்து வீட்டுக் கூரையில் விழுந்தது. கடைசியில் விமானங்களைக் கொஞ்சம் வடக்கே தள்ளி இறக்கினார்கள். சன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் இடது பக்கம் பார்க்கலாம் என்று விமானிகள் சொல்லத் தொடங்கினார்கள்.

துக்கம் ஒன்றரை மாதம் இருந்தது. அதன் பிறகு கோபம் வந்தது. மே மாதத் தொடக்கத்தில் ஒரு குறிப்பு வெளியே கசிந்தது. கலம் திரும்புவதற்கு முதல் நாள் அதன் அடிப்பாகத்தில் ஒரு சென்சார் வெப்பத்தைப் பதினொரு டிகிரி கூடுதலாகக் காட்டியிருக்கிறது. அதைப் பார்த்துச் சொல்ல வேண்டிய இன்ஜினியர் கலத்தில் இருந்தவர்களுக்கு ஒரே வரி எழுதியிருந்தார்: “சென்சார்தான் பழுது, கவலை வேண்டாம்.” அந்த வரியை டிவியில் நாளெல்லாம் காட்டினார்கள். இன்ஜினியரின் பெயர் ஸ்ரீதர், வயது முப்பத்தாறு. விசாரணைக் குழு தனியொருவர் மேல் குற்றம் சொல்ல முடியாது என்று எழுதியதை யாரும் படிக்கவில்லை. அவர் குடியிருந்த வீட்டில் கல் விழுந்தது. நாடு முழுவதும் கடைப் பலகைகளிலும் லாரிகளின் முதுகிலும் இருந்த ‘கவலை வேண்டாம்’ என்ற வார்த்தையைப் பெயிண்ட் பூசி அழித்தார்கள். போர்ட் பிளேரில் அதன் பிறகு பத்து மாதம் ஒருவரும் ஒருவரிடமும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. டாக்டர்கள்கூட வேறு வார்த்தை தேடிக்கொண்டார்கள். ஜங்லிகாட் ஆட்டோ ஸ்டாண்டில் ஸ்ரீதரின் கொடும்பாவியை எரித்தார்கள். ஸ்டாண்டில் விஜயன் என்ற மலையாளி டிரைவர் நன்றாகப் படம் போடுவார். பேப்பரில் வந்த மங்கலான போட்டோவை வைத்து இரண்டு நாள் உட்கார்ந்து கொடும்பாவிக்கு முகம் எழுதினார். இடது புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பைக்கூட விடவில்லை. எரிக்கும்போது அவருக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்ததாம், அவ்வளவு நன்றாக அமைந்திருந்தது.

ஜூன் மாதம் மழையில் வந்த சென்னைக் கப்பலிலிருந்து மொட்டைத் தலையோடு ஓர் ஆள் இறங்கினார். ஜெட்டியிலிருந்து நேரே டாலிகஞ்சுக்கு வந்து, ராஜகுமாரியிடம் வாடகைக்கு அறை இருக்கிறதா என்று கேட்டார். கொல்லையை ஒட்டித் தகரக் கூரை போட்ட அறை ஒன்று காலியாக இருந்தது. பெயர் ரவிச்சந்திரன் என்றும் மோட்டார் ரிப்பேர் தெரியும் என்றும் சொன்னார். வந்த மறுநாளே யாரும் கேட்காமல் கிரைண்டரைப் பிரித்து, மூன்று வருடமாகக் கத்திக்கொண்டிருந்த அதன் சத்தத்தை நிறுத்தினார். பொன்னுத்துரைக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. வால்வுச் சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு இருவரும் காலையில் ஒன்றாக நடந்து போவார்கள். மழைக்கு வரிசை குறைந்திருந்தது. நாளுக்கு இருபது முப்பது பேர் குடை பிடித்துக்கொண்டு வந்து தொட்டுவிட்டுப் போனார்கள். புது ஆள் மட்டும் ஒருநாளும் கோட்டின் அருகே போகவில்லை. அறையிலிருந்து குளியலறைக்குப் போகக் கொல்லை வழியாகப் பத்தடி. அவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனார். ராஜகுமாரி கவனித்தாள்.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. ராஜகுமாரி துணி எடுக்க ஓடினாள். மழைக்கு முன் கோடு சற்றுத் தொய்வது வழக்கம். அன்று அது துணிக்கொடி மேலேயே படுத்திருந்தது. “தம்பி, இதக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க, ஜல்தி” என்று கூப்பிட்டாள். அவர் அறை வாசலில் நின்றார். அவள் மறுபடி கூப்பிட்டதும் வந்து இரண்டு கையாலும் கோட்டைப் பிடித்து ஒதுக்கினார். ஒன்பது துணி. ஒவ்வொன்றாக க்ளிப்பைக் கழற்றி எடுத்து, கடைசித் துணியை எடுக்கும்போதுதான் அவளுக்குக் கருகல் வாசனை வந்தது. திரும்பிப் பார்த்தாள். அவர் உள்ளங்கைகளிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அவர் பிடித்தபடியே நின்றார்.

ராஜகுமாரி துணியைக் கீழே போட்டுவிட்டு அவரை முன்கட்டுக்கு இழுத்துப் போய், அன்று அரைத்த மாவுப் பானைக்குள் இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை அமுக்கினாள். தீக்காயத்துக்கு அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். அன்று அந்தப் பானை மாவு விற்கப்படவில்லை.

“சுட்டா விட வேண்டியதுதானே? எதுக்கு இவ்வளவு நேரம் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க?”

“நீங்க பிடிக்கச் சொன்னீங்கக்கா.”

“ஊரே தொடுது, யாருக்கும் சுடல. ஒங்களுக்கு மட்டும் ஏன் சுடுது?”

அவர் பானையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “என் பேர் ரவிச்சந்திரன் இல்லக்கா. ஸ்ரீதர். டிவில சொன்னாங்களே, அந்த ஆள்.”

வெளியே மழை கொட்ட ஆரம்பித்தது. கீழே போட்ட துணிகள் எல்லாம் நனைந்தன. ராஜகுமாரி எழுந்து போகவில்லை. ஆண்டுக்கணக்காகத் தன் கணவரிடம்கூடச் சொல்லாத ஒன்றை அவள் அன்று அந்த அந்நிய ஆளிடம் சொன்னாள்.

“எனக்குத் தங்கம்னு ஒரு தங்கச்சி. கச்சால்ல சுனாமி அன்னிக்கு மொதல் தண்ணி வந்து எறங்கிருச்சு. நாங்க மேட்டுல ஏறி நின்னோம். அப்பாவோட பேப்பர் பை வீட்லயே கெடந்துச்சு. சிலோன்லருந்து கொண்டாந்த பாஸ்போட்டு, இந்தியாக்காரங்கன்னு குடுத்த காயிதம் எல்லாம் அதுலதான். அது போனா நாம யாருன்னே இல்லாமப் போயிருவோம்னு அப்பா கெடந்து அழுதாரு. நான்தான் தங்கத்துகிட்ட சொன்னேன், தண்ணி எறங்கிருச்சு, ஒன்னுமில்ல, ஓடிப் போயி எடுத்துட்டு வந்துருன்னு. ரெண்டாவது தண்ணி இருக்குன்னு எனக்கு மாலும் இல்ல, தெரியவே தெரியாது. அவளா போகல, தம்பி. நான் அனுப்புனேன்.” வெளியே வந்த அவர் கைகளை மறுபடி மாவுக்குள் அமுக்கிவிட்டுத் தொடர்ந்தாள். “அப்ப இப்படி ஒரு கோடு எறங்கியிருந்தா நானும் வெந்துதான் போயிருப்பேன். இப்பத் தொட்டா எனக்கு ஜில்லுனு இருக்கு. இருவது வருசத்துக்கு மேல ஆச்சுல்ல.”

அன்று சாயங்காலம் பொன்னுத்துரை வந்ததும் அவரிடமும் இரண்டு விஷயங்களையும் சொன்னாள். பொன்னுத்துரை முதலில் ஸ்ரீதரின் கைகளைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். “ரெண்டையும் ஒரே நாள்ல சொல்லணுமா?” என்று மட்டும் கேட்டார். அன்று தேநீர் அவர் போட்டார். அதற்கு முன்பும் பின்பும் அவர் தேநீர் போட்டதில்லை. கைப் புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை ராஜகுமாரி ஸ்ரீதருக்குச் சோறு பிசைந்து கரண்டி செருகிக் கொடுத்தாள். மாதம் ஒரு தடவை அவர் தானாகவே போய் ஒரு விரலால் கோட்டைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினார். விரல் கொப்பளித்தது. தலையில் முடி வளர்ந்தது.

முதலாண்டு நினைவு நாள் பெரிதாக நடந்தது. மைதானத்தில் ஷாமியானா போட்டு, மைக் கட்டி, மெயின்லேண்டிலிருந்து பெரிய மனிதர்கள் வந்து பேசினார்கள். செத்துப்போனவர்களில் ஒருத்தி கார்த்திகா, கரூர்க்காரி; அவளுடைய அப்பா சிவப்பிரகாசத்தை அழைத்து வந்திருந்தார்கள். எழுபத்தொரு வயது, சைக்கிள் கடை வைத்திருந்தவர், ஒல்லியான ஆள். அவரைப் பேசச் சொன்னபோது மைக்கைப் பிடித்துக்கொண்டு, “எல்லாரும் வெயில்ல நிக்கிறீங்க, நிழலுக்குப் போங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முடிந்ததும் அவர் கோட்டைப் பார்க்க ராஜகுமாரி வீட்டுக்கு வந்தார். அவர் பின்னால் முந்நூறு பேர் வந்தார்கள்.

ஸ்ரீதர் அன்று வெளியே போயிருக்கலாம். ராஜகுமாரியும் போகத்தான் சொன்னாள். ஆனால் கார்த்திகாவின் அப்பா வருகிறார் என்று தெரிந்து அவர் அறைக்குள்ளேயே இருந்தார். சிவப்பிரகாசம் கோட்டைப் பிடித்தார். “இழுக்குது. பின்னால கேரியரைப் பிடிச்சு அவளுக்குச் சைக்கிள் பழக்கினேன், அப்ப இப்படித்தான் இழுக்கும்” என்றார். பிறகு அவருக்குத் தலை சுற்றியது. ராஜகுமாரி தண்ணீருக்காகக் குரல் கொடுத்தாள். அறைக் கதவைத் திறந்துகொண்டு ஸ்ரீதர் சொம்போடு வந்துவிட்டார். பெரியவர் குடித்தார். கூட்டத்தின் முன்வரிசையில் ஆட்டோ டிரைவர் விஜயன் நின்றுகொண்டிருந்தார். அந்தப் புருவத்தை இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியவர் அவர்.

“அரே, யே தோ வஹி ஹை!” என்று கத்தினார். “அவன்தான்! கவலை வேண்டாம்!”

பத்து மாதமாக யாரும் சொல்லாத வார்த்தை அந்தக் கொல்லையில் விழுந்தது. முந்நூறு பேரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள். யாரோ ஸ்ரீதரின் சட்டைக் காலரைப் பிடித்தார்கள், யாரோ முருங்கைக் கிளையை ஒடித்தார்கள். ராஜகுமாரி குறுக்கே நின்று, “என் வீட்ல வச்சு யாரும் கை வெக்கக் கூடாது! ஹாத் மத் லகாவ்!” என்று இரண்டு பாஷையிலும் கத்தினாள். ஒருவருக்கும் கேட்கவில்லை. ஸ்ரீதர் கையை உயர்த்தித் தடுக்கக்கூட இல்லை. வாசலில் நின்ற பொன்னுத்துரை இதைப் பார்த்தார். அவர் சண்டை போடுகிறவர் அல்ல. தாமதிக்காமல் திரும்பி, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, முக்கில் இருக்கும் வால்வுக் குழிக்குப் போனார். டாலிகஞ்சுக்குத் தண்ணீர் விட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. மார்ச் மாதம், அணையில் தண்ணீர் இல்லை என்று முறையை இன்னும் ஒரு நாள் தள்ளிவைத்திருந்தார்கள். அவர் நான்கு வால்வுகளையும் முழுசாகத் திறந்தார்.

முதல் சத்தம் எதிர்வீட்டு டிரம்மிலிருந்து வந்தது. காலி டிரம்மில் தண்ணீர் விழும் சத்தம் டாலிகஞ்சில் பிறந்தவர்களுக்குத் தூக்கத்திலும் கேட்கும். “பானி!” என்று ஒரு பெண் கத்தினாள். “பானி ஆ கயா!” கூட்டத்தின் பின்பகுதி திரும்பி ஓடியது. நடுப்பகுதி அதைத் தொடர்ந்தது. ஸ்ரீதரின் காலரைப் பிடித்திருந்தவர் மூன்று வீடு தள்ளிக் குடியிருப்பவர். வேலிக்கு அப்பால் தன் வீட்டுக் குழாய் திறந்து ஓடுவதை அவர் கேட்டார், மனைவி வீட்டில் இல்லை என்பதும் நினைவுக்கு வந்தது. “ஏக் மினிட்” என்று ஸ்ரீதரிடம் சொல்லிவிட்டுக் காலரை விட்டார். ஷாதிபூர்க்காரர்களும் ஜங்லிகாட்காரர்களும் தங்கள் பக்கமும் விட்டிருக்கிறார்களா என்று போனில் விசாரித்துக்கொண்டே நடந்தார்கள். ஐந்து நிமிடத்தில் கொல்லையில் நான்கு பேர்தான் இருந்தார்கள்: ராஜகுமாரி, ஸ்ரீதர், சிவப்பிரகாசம், என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற விஜயன்.

“தம்பி, ரெண்டு சேர் எடுத்துட்டு வாங்க” என்று சிவப்பிரகாசம் விஜயனிடம் சொன்னார். விஜயன் போய் எடுத்துவந்து போட்டார்.

பெரியவர் உட்கார்ந்து எதிர் நாற்காலியைக் காட்டினார். “உக்காருங்க. ஒரு வருசமா எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலீங்க. மெடல் குடுத்தாங்க, ரோட்டுக்கு அவ பேர வச்சாங்க. என்னதான் ஆச்சுன்னு ஒருத்தரும் எதிர்ல உக்காந்து சொல்லல. இவனுக்கு எங்க புரியப்போவுதுன்னு நெனச்சுட்டாங்க போல. நாப்பது வருசம் சைக்கிள் பிரிச்சு மாட்டுனவனுக்குப் புரியும். நீங்க சொல்லுங்க.”

ஸ்ரீதர் சொன்னார். காலி மாவுப் பானையைக் கவிழ்த்துக் கலமாக வைத்து, கொட்டாங்கச்சியைக் கேடயமாக வைத்து, எங்கே சூடு ஏறியது, எங்கே ஏறியதாகத் தான் நம்பவில்லை என்று காட்டினார். மத்தியானம் வரை சொன்னார். பெரியவர் இடையிடையே கேள்வி கேட்டார். விசாரணைக் குழுவில்கூட யாரும் கேட்காத கேள்வி இரண்டு அதில் இருந்தது. விஜயன் நின்றுகொண்டே கேட்டார், கால் வலித்தபோது குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டார்.

“அவ திருப்பிக் கேட்டாளா?” என்றார் சிவப்பிரகாசம்.

“கேட்டாங்க. நிச்சயமான்னு கேட்டாங்க. நிச்சயம்னு அனுப்பினேன்.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் கேக்கல. கீழ போனதும் மொதல்ல என்ன சாப்பிடறதுன்னு மத்த ரெண்டு பேர்கிட்டயும் பேசிட்டிருந்தாங்க. பதிவுல இருக்கு.”

“என்ன கேட்டா?”

“கம்மங்கூழ். மோர் மொளகாயோட.”

பெரியவர் சிரித்துவிட்டார். “வீட்ல இருந்த வரைக்கும் ஒருநாள் தொட்டதில்லைங்க. மூஞ்சியத் திருப்பிக்குவா.” சிரிப்பு நிற்க நேரமாயிற்று. பிறகு, “அப்ப பயப்படாமத்தான் வந்திருக்கா” என்றார்.

“ஐயா, நான் வேற மாதிரி எழுதியிருந்தா ரெண்டு நாள் மேலயே நிறுத்தியிருப்பாங்க. வேற வழி ஏதாவது தேடியிருக்கலாம். கிடைச்சிருக்குமான்னு தெரியாது. தேடியிருக்கலாம்.”

“அது எனக்கு வெளங்குச்சு. அத நான் மறக்கவும் மாட்டேன், நீங்களும் மறக்காதீங்க. ஆனா ஒரு வருசமா நான் படுத்தா தூங்காம யோசிச்சது வேற. கடைசியில அவ பயந்தாளான்னுதான். இப்பத் தெரிஞ்சுபோச்சு.” அவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். “இங்க சாப்பாடு ஏதாச்சும் இருக்குங்களா?” என்று ராஜகுமாரியைக் கேட்டார்.

அன்று மாலை போக வேண்டிய விமானத்தில் சிவப்பிரகாசம் போகவில்லை. பத்தொன்பது நாள் அந்த வீட்டில் இருந்தார். மறுநாள் காலை மாவு வாங்க வந்தவர்கள் முன்கட்டில் அவரும் ஸ்ரீதரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மாவைப் பாக்கெட்டில் ஊற்றிக் கட்டுவதைப் பார்த்தார்கள். பெற்றவரே உட்கார்ந்திருக்கும்போது தாங்கள் என்ன சொல்வது என்று ஊருக்குத் தெரியவில்லை. காலரைப் பிடித்தவர் இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு, சட்டைப் பித்தான் அறுந்திருந்ததே, கிடைத்ததா என்று ஸ்ரீதரைக் கேட்டார். கிடைத்தது என்றார் ஸ்ரீதர். விஜயன் நான்காம் நாள் ஓடாத மிக்ஸி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பொன்னுத்துரைக்கு முறை தவறித் தண்ணீர் திறந்ததற்காக மெமோ வந்தது. வால்வு துருப்பிடித்திருக்கிறதா என்று சோதித்தேன், பிடிக்கவில்லை என்று பதில் எழுதினார். பத்து நாள் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். இருபது வருட வேலையில் அவர் எடுத்த முதல் நீண்ட விடுப்பு அது; பெரியவரைக் கூட்டிக்கொண்டு தீவு தீவாகச் சுற்றிக் காட்டினார்.

அதற்குப் பிறகு நடந்தவை சாதாரணமானவை. ஸ்ரீதர் டாலிகஞ்சிலேயே பம்ப், கிரைண்டர் ரிப்பேர்க் கடை போட்டார். சரியாகிவிட்டதா என்று கேட்டால், “இன்னொரு தடவை பாத்துடறேன்” என்பார், பார்ப்பார், அதனால் எந்த வேலையும் சொன்ன நாளுக்கு முடியாது, முடிந்த வேலை திரும்பி வராது. இரண்டாம் ஆண்டு கோடு அவர் கைக்குத் தேநீர் கிளாஸின் சூட்டில் இருந்தது. மூன்றாம் ஆண்டு வெயிலில் காய்ந்த துணி போல இருந்தது. நினைவு நாளுக்கு வருகிறவர்கள் அறுபதாகி, இருபதாகி, வரிசை என்று சொல்ல முடியாதபடி ஆனார்கள். அழிக்கப்பட்ட வார்த்தை முதலில் ஷாதிபூரில் ஒரு மருந்துக்கடைப் பலகையில் திரும்ப வந்தது, யாரும் கவனிக்கவில்லை. சிவப்பிரகாசம் ஆண்டுதோறும் மார்ச்சில் வந்து பத்து நாள் இருப்பார். விஜயன் ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வருவார். வரும்போது பெரியவர் ஒரு மூட்டைக் கம்பு கொண்டுவருவார். மைனாக்கள் கோட்டின் தாழ்ந்த பகுதியில் வரிசையாக உட்காரப் பழகின. அங்கே பிறந்து வளரும் பிள்ளைகள் மெயின்லேண்டுக்கு முதன்முறை போய் வந்தால், அங்கே வானம் வெறுமனே இருக்கிறது என்று அதிசயமாகச் சொல்கிறார்கள். ராஜகுமாரி தன் தங்கையின் பேரில் சில நாள் கோட்டடியில் ஒரு செம்பருத்தி வைப்பாள், சில நாள் மறந்துவிடுவாள்.

சென்ற ஏப்ரலில் வீட்டு வரிக்காகக் கணக்கெடுக்க ஹரிணி என்ற பெண் டேப்லெட்டோடு வந்தாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டாள். ராஜகுமாரி மூன்று பேர் என்று சொல்லி, தன் பெயர், கணவர் பெயர், ஸ்ரீதர் என்று வரிசையாகச் சொன்னாள். ஹரிணி தலை நிமிராமல் தட்டிக்கொண்டாள். அறைகளை எண்ணினாள், குளியலறையை அளந்தாள், கிணற்றைப் படம் எடுத்தாள். பிறகு கொல்லையில் நின்று மேலே பார்த்தாள்.

“ஆன்ட்டி, இதுவும் உங்க காம்பவுண்டுக்குள்ளதானே வருது?”

“முனை மட்டும் வருது. மீதி மேல போகுது.”

“முனைய மட்டும் போட்டுக்கிறேன். கச்சாவா, பக்காவா? ஒண்ணு போட்டாதான் அடுத்த பக்கம் ஓப்பன் ஆகும்.”

ராஜகுமாரி யோசித்தாள். கச்சா என்றால் ஓலைக் கூரை, மண் சுவர், காற்றடித்தால் போய்விடுவது; பக்கா என்றால் செங்கல், சிமெண்ட், நிலைத்து நிற்பது. மைனா ஒன்று கோட்டிலிருந்து எழும்பி மறுபடி வந்து உட்கார்ந்தது.

“பக்கா” என்றாள்.

ஹரிணி அதைத் தட்டினாள். அடுத்த பக்கம் திறந்தது. அரைக் கிலோ மாவு வாங்கிக்கொண்டு அவள் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.